குழாய் விரிசலைத் தடுக்கும் செலவு தகுமா என்று கணக்கிடும் முறை

துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் தகைவு அரிப்பு விரிசல் (உலோகத்தினுள் நிற்கும் இழுவிசையும் சூழலின் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல்) வராமல் முன்கூட்டியே தடுக்கப் பணம் போடுவதா, வந்தபின் வெட்டி ஒட்டிக்கொள்வதா என்ற கேள்வி கொங்கு நாட்டுப் பொறியாளர்களுக்குப் புதிதன்று. அணுமின் நிலைய ஆர்டருக்கு விலை குறிக்கும் கோவைப் பட்டறைக்கும், பெருந்துறையிலோ திருப்பூரிலோ சாயக்கழிவு நீரை ஆவியாக்கும் நிலையத்தின் பராமரிப்பு மேலாளருக்கும் ஒரே கேள்விதான் வெவ்வேறு உருவில் வருகிறது. இருவருமே பெரும்பாலும் ஒரே தவறைத் தங்கள் குறிப்பில் செய்கிறார்கள்: தடுப்புச் செலவைக் குழாயின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டால் தடுப்பு எப்போதும் வீண்செலவாகவே தெரியும். இந்தக் கணக்கை மிகவும் நுணுக்கமாகப் போட்டுப் பார்த்தவர்கள் அணுமின் துறையினர். அவர்கள் வழியைப் பின்பற்றி ஒரு செலவு–பயன் குறிப்பை எப்படி எழுதுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எந்த விரிசல் என்று உறுதி செய்தல்

கணக்கைத் தொடங்கும் முன் விரிசலின் வகையை உறுதி செய்ய வேண்டும். தகைவு அரிப்பு விரிசலுக்கு மூன்று நிபந்தனைகள் ஒருங்கே சேர வேண்டும்: அதற்கு இடங்கொடுக்கும் உலோகம், இழுவிசைத் தகைவு, அதைத் தூண்டும் சூழல். மூன்றில் ஒன்றை நீக்கினாலே விரிசல் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு தடுப்பு முறையும் இவற்றுள் எதை நீக்குகிறது என்று குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். எதையுமே நீக்காத முறை ஒன்று பட்டியலில் இருந்தால், அது தடுப்பு அன்று, வெறும் ஆய்வு.

உலைக்கலத்திலேயே நீரைக் கொதிக்கவிடும் கொதிநீர் அணு உலைகளில் இது பற்றவைப்பின் ஓரத்தில் வந்தது. துருப்பிடிக்காத எஃகில் 304 என்ற வகையைப் பற்றவைக்கும்போது, மூட்டை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலப் பட்டை ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சிறிது நேரம் நிற்கிறது. அப்போது கார்பனும் குரோமியமும் சேர்ந்து உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லைகளில் படிந்துவிட, எல்லையோரம் குரோமியம் குறைந்துபோகிறது. மீதி வேலையைப் பற்றவைப்பு விட்டுச் சென்ற எஞ்சிய தகைவும், 288 டிகிரியில் ஓடும் நீர் கதிர்வீச்சால் பிளந்து அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் செய்தன. ஆக்சிஜனின் அளவோ நூறு கோடியில் ஏறக்குறைய 200 பங்கு மட்டுமே. அமெரிக்காவின் டிரெஸ்டன் 2 உலையில் 1974-இல் சிறிய குழாய்களில் கண்ட விரிசல், 1982-இல் நைன் மைல் பாயிண்ட் 1 உலையின் பெரிய மறுசுழற்சிக் குழாய்களிலும் தெரிந்தது. அங்கே அந்தக் குழாய்த் தொகுதியையே மாற்றினார்கள். பெரிய குழாய்க்கு வராது என்று அதுவரை நிலவிய நம்பிக்கை அத்தோடு போயிற்று.

எல்லா உலைக்கும் இந்தக் கதை பொருந்தாது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் முதன்மைச் சுற்றின் ஊட்டுக் குழாய்கள் கார்பன் எஃகால் ஆனவை. அங்கே கவனிக்க வேண்டியது நீரோட்டத்தால் சுவர் மெலிவது. கூடங்குளத்தின் நீராவிக் கொதிகலங்களில் உள்ள குழாய்கள் டைட்டானியம் சேர்த்த துருப்பிடிக்காத எஃகு. அங்கே குளோரைடு அளவே முதல் கவலை. கடலோரத்தில் உப்புக் காற்றில் கிடக்கும் எஃகுக் குழாய் நிறுவும் முன்பே விரிசல் விடக்கூடும். வகை மாறினால் மருந்தும் விலையும் மாறும் என்பதால், வெட்டியெடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்த அறிக்கை இல்லாமல் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கக் கூடாது.

நிறுத்த நாளை எண்ணுதல்

விரிசலின் உண்மையான விலை, ஆலை நிற்கும் நாட்கள். இதை மறுக்க முடியாதபடி காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு.

அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் 2002-இல், உலைக்கலத்தின் மூடியில் இருந்த நிக்கல் கலப்புலோகக் குழல் ஒன்றின் விரிசல் வழியாகக் கசிந்த போரிக் அமிலம், தடித்த எஃகு மூடியையே அரித்துக் குழியாக்கிவிட்டது தெரியவந்தது. அழுத்தத்தைத் தாங்கி நின்றது உள்பூச்சாக இருந்த மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டுமே. நிலையம் 2004 மார்ச் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நின்றது. வெளியில் வாங்கிய மின்சாரத்தையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 60 கோடி டாலர். விரிசல் விட்ட குழலின் விலை அந்தத் தொகையில் கண்ணுக்கே தெரியாது.

பிரான்சில் 2021-இன் இறுதியில் சிவோ 1 உலையின் அவசரகால நீரேற்றுக் குழாயில் விரிசல் தெரிந்தது. அதே வடிவமைப்பும் அதே குழாய்ப் பாதையும் கொண்ட மற்ற உலைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்ததால், 2022-இல் நாட்டின் அணுமின் உற்பத்தி 279 டெராவாட் மணியாக விழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத தாழ்வு அது. பிறகு, 1300 மெகாவாட் உலைகளில் ஒரு வகை முழுவதற்கும், ஆய்வில் விரிசல் தென்படுகிறதா என்று காத்திராமல், சந்தேகத்துக்குரிய குழாய்ப் பகுதிகளை முன்கூட்டியே மாற்றிவிட முடிவெடுத்தார்கள். இந்த முடிவில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஒரு மூட்டில் விரிசல் கண்டால், அதே உருக்கு வார்ப்பில், அதே வெல்டர் கையில், அதே வரைபடத்தில் பிறந்த எல்லா மூட்டுகளும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. ஆகவே விளைவின் செலவை ஒரு மூட்டுக்கு எழுதாமல், அந்த மூட்டின் குடும்பத்துக்கு எழுத வேண்டும்.

நிறுத்த நாளின் விலையைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் கை தவறுவதுண்டு. மின் விற்பனை இழப்பையும் வெளியில் வாங்கிய மின்சாரத்தின் செலவையும் சேர்த்து எழுதி ஒரே இழப்பை இருமுறை எண்ணிவிடுவது ஒன்று. உலை நிற்கும் நாளில் எரிபொருள் மிச்சமாகிறது என்பதைக் கழிக்காமல் விடுவது மற்றொன்று. அணு உலையில் இது சிறிய தொகைதான், ஆனால் உங்கள் கணக்கைச் சரிபார்க்கும் நிதிப்பிரிவினர் முதலில் விரல் வைக்கும் இடம் இதுவே.

தடுப்பு முறைகளும் அவற்றின் மறைவான விலையும்

உலோகத்தை மாற்றுவது முதல் வழி. கொதிநீர் உலைகளில் 304-க்குப் பதிலாக வந்த 316 வகையின் அணுத்தர எஃகில் கார்பன் 0.02 சதவீதத்துக்கு மேற்படாது. குறைந்த வலிமையை நைட்ரஜன் சேர்த்து ஈடுசெய்கிறார்கள். இந்த முறைக்கு ஒருமுறை செலவழித்தால் போதும், பின்னர் யாரும் எதையும் இயக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்பச் செலவும் நிறுத்த நாளும் தொழிலாளர் பெறும் கதிர்வீச்சும் இதில்தான் மிக அதிகம்.

தகைவை மாற்றுவது இரண்டாவது வழி. குழாயினுள் நீர் ஓடிக்கொண்டிருக்க வெளிப்புறத்தைத் தூண்டுமின் சுருளால் சூடாக்கினால், ஆறும்போது உட்சுவரில் இழுவிசை மறைந்து அமுக்குவிசை நிலைபெறுகிறது. பிடிப்பான் வளையம் கொண்டு மூட்டின் அருகே குழாயை இறுக்கியும் அதே பலனைப் பெறலாம். விரிசல் இல்லாத அல்லது மிக ஆழமற்ற மூட்டுக்கே இது நம்பகமானது. அதனால் இதன் பயன் நாள் செல்லச் செல்லக் குறைகிறது: ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டால், அப்போது இதே முறை கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே பற்று உலோகத்தை அடுக்கடுக்காக ஏற்றும் மேற்பூச்சு வெல்டிங், பழுதுபார்ப்புக்கும் தடுப்புக்கும் நடுவில் நிற்பது. உள்ளே விரிசல் அப்படியே இருக்கும், தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும்.

சூழலை மாற்றுவது மூன்றாவது வழி. ஊட்டுநீரில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் கரைந்த ஆக்சிஜன் குறைந்து, உலோகத்தின் மின்னழுத்தம் விரிசல் வளர முடியாத −230 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. குழாயை மட்டுமன்றி உலைக்கலத்தின் உட்பாகங்களையும் இது காக்கிறது என்பதைப் பயன் பக்கத்தில் மறக்காமல் எழுத வேண்டும். குழாய் மாற்றத்துக்கு அந்தப் பயன் இல்லை. செலவுப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயுவின் விலையைத் தவிர வேறொன்றும் உண்டு. ஹைட்ரஜன் மிகுந்த நீரில், 7 நொடி அரையாயுள் கொண்ட கதிரியக்க நைட்ரஜன்-16 எளிதில் நீராவியோடு வெளியேறுவதால், டர்பைன் பகுதியில் கதிர்வீச்சு நான்கைந்து மடங்கு வரை கூடக்கூடும். அதற்குத் தடுப்புச் சுவர் வேண்டும். பிளாட்டினம் போன்ற அரிய உலோகத்தைச் சிறிதளவு நீரில் சேர்த்துப் பரப்பில் படியவிடும் முறை 1990-களின் நடுவில் வந்தபின் மிகக் குறைந்த ஹைட்ரஜனே போதும் என்றாயிற்று. எப்படியாயினும், செலுத்துவது நின்ற மணிநேரங்களில் பாதுகாப்பு இல்லை. ஆகவே இந்த முறையின் பயனை அந்த அமைப்பு உண்மையில் இயங்கிய நேர விகிதத்தால் பெருக்கியே எழுத வேண்டும். விற்பவர் தரும் தாளில் அந்த விகிதம் எப்போதும் நூறாகவே இருக்கும்.

பலர் விட்டுவிடும் பயன் ஒன்று ஆய்வுச் செலவில் இருக்கிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1988-இல் அனுப்பிய 88-01 எண் சுற்றறிக்கை, மூட்டுகளை ஏ முதல் ஜி வரை பிரித்தது. விரிசலைத் தாங்கும் உலோகத்தால் ஆன ஏ பிரிவு மூட்டுகளில் பத்து ஆண்டில் கால் பங்கைச் சோதித்தால் போதும் என்றது. தாங்காத உலோகமும் தகைவு சீர்திருத்தம் இல்லாமையும் கொண்ட டி பிரிவில், எரிபொருள் மாற்றும் சுற்று இரண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்றது. துருப்பிடிக்காத எஃகு வெல்டிங்கின் கரடான மணிகள் மீயொலியைச் சிதறடிப்பதால், இந்தச் சோதனை தேர்ந்த ஆட்களையும் நேரத்தையும் தின்னும். டி-யிலிருந்து ஏ-க்குப் போகும் ஒவ்வொரு மூட்டும் மிச்சப்படுத்தும் சோதனைகளை எண்ணிப் பயன் பக்கத்தில் சேருங்கள்.

கதிர்வீச்சைப் பணமாக்குவதும் அதன் எல்லையும்

அமெரிக்க ஆணையம் தன் செலவு–பயன் ஆய்வுகளில் ஒரு மனித-ரெம் (எல்லோரும் பெறும் கதிர்வீச்சைக் கூட்டி அளக்கும் அலகு) ஏற்பளவைத் தவிர்ப்பதற்கு 1995-இல் 2,000 டாலர் என்று மதிப்பிட்டது. பின்னர் அதை உயர்த்தியது. 150 பேர் ஆளுக்குச் சராசரி 4 மில்லிசீவர்ட் (10 மில்லிசீவர்ட் ஒரு ரெம்) வீதம் பெறும் ஒரு குழாய் மாற்று வேலையை எடுத்துக்கொண்டால், மொத்தம் 600 மனித-மில்லிசீவர்ட், அதாவது 60 மனித-ரெம். பழைய விலையில் 1,20,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி. பல கோடி ரூபாய் வேலையில் இது சிறிய வரிதான்.

ஆனால் பணமாக்கிய அந்த வரி முழுக் கதையைச் சொல்வதில்லை. இந்திய விதிப்படி ஒரு தொழிலாளி ஐந்து ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேலும், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேலும் பெறக்கூடாது. குறுகிய இடத்தில், முகமூடியும் உடுப்பும் அணிந்து, தடித்த எஃகை டிக் (TIG, மந்தவாயு சூழ மின்வில்லால் உருக்கும்) முறையில் பிழையின்றிப் பற்றவைக்கக் கூடிய வெல்டர்கள் எந்த ஊரிலும் சிலரே. அவர்களுடைய அளவு தீர்ந்துவிட்டால், பணம் இருந்தும் வேலை நிற்கும். ஆகவே கதிர்வீச்சை ரூபாயாக ஒரு வரியிலும், தேவைப்படும் தகுதி பெற்ற வெல்டர்களின் எண்ணிக்கையாக மற்றொரு வரியிலும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. கால அட்டவணையைத் தீர்மானிப்பது இரண்டாவது வரிதான்.

கணக்கை நடத்திக் காட்டுதல்

இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 200 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாளில் 48 லட்சம் யூனிட் தரும். எரிபொருள் போக யூனிட்டுக்கு 3 ரூபாய் இழப்பு என்றால், நாளொன்றுக்கு 1.44 கோடி. எதிர்பாராத விரிசலால் 60 நாள் நின்றால் 86.4 கோடி, பழுதுச் செலவு 10 கோடி சேர்த்து 96.4 கோடி. ஓர் ஆண்டில் இது நேர நிகழ்தகவு 4 சதவீதம், தடுப்பு முறை அதை 0.8 சதவீதமாகக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 3.2 சதவீதம், அதாவது சுமார் 3.08 கோடி மிச்சம். அலகுக்கு இன்னும் 15 ஆண்டு ஆயுள், வட்டி 10 சதவீதம் என்றால், வரும் ஆண்டுகளின் தொகையை இன்றைய மதிப்பாக்கும் பெருக்கெண்ணான 7.606-ஆல் ஆண்டு மிச்சத்தைப் பெருக்க வேண்டும். இன்றைய மதிப்பு சுமார் 23.5 கோடி. தடுப்புக்கு 20 கோடி கேட்கிறார்கள் என்றால், செய்வது தகும்.

இந்த விடையை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே அசைத்துப் பார்க்க வேண்டும். மீதி ஆயுள் 5 ஆண்டுதான் என்றால் பெருக்கெண் 3.791, பயன் 11.7 கோடியாகச் சுருங்கி, செலவு தகாது. நிறுத்தம் 60 நாளன்று, 30 நாள்தான் என்றால் பயன் சுமார் 13 கோடி, அப்போதும் தகாது. நிகழ்தகவைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் முடியாது என்பதால், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று எண்களை வைத்து, எந்த நிகழ்தகவில் விடை புரள்கிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், தடுப்பின் திறன் மாறாதிருக்க, அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.4 சதவீதம். மேலாளர் விவாதிக்க வேண்டியது அந்த ஒரே எண்ணைப் பற்றித்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அசைவு, வேலையை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது. எரிபொருள் மாற்றுவதற்காக எப்படியும் நிற்கப்போகும் நாட்களில் செய்தால் 20 கோடியோடு முடியும். இதற்கென்றே 20 நாள் கூடுதலாக நிறுத்தினால் 28.8 கோடி ஏறி, செலவு 48.8 கோடியாகி, எந்த நிகழ்தகவும் அதை எளிதில் காப்பாற்றாது. மருந்து எது என்று மாதக்கணக்கில் வாதிடுபவர்கள் தேதியைப் பற்றி வாதிடாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மறுபக்கம், காலம் கடத்தினால் நீண்ட நிறுத்தமும் நேரலாம். நம் நாட்டிலேயே 1969 முதல் இயங்கிய தாராப்பூரின் முதல் இரு கொதிநீர் உலைகளும் 2020-இலிருந்து ஆண்டுக்கணக்கில் நின்றிருக்க நேர்ந்தது.

நம் ஊர் ஆலைக்குப் பொருத்துதல்

கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையில் இயங்கும் சாயத் தொழிலுக்கு இதே முறை அச்சு மாறாமல் பொருந்தும். கதிர்வீச்சு வரியை அடித்துவிடுங்கள். நிறுத்த நாள் வரியை மட்டும் மாற்றி எழுதுங்கள். ஆவியாக்கி நின்றால் அதற்கு நீர் அனுப்பும் பட்டறைகளும் நிற்க வேண்டும் என்பதால், இழப்பு நிலையத்துடையது மட்டுமன்று, உறுப்பினர் அனைவருடையதும். ஆனால் சேமிப்புத் தொட்டி எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாளை நிறுத்தக் காலத்திலிருந்து கழிக்க வேண்டும். தொட்டியைச் சற்றுப் பெரிதாக்குவது சில இடங்களில் உலோகத்தை மாற்றுவதை விட மலிவான தடுப்பாக அமையும். அதையும் ஒரு மாற்றாகப் பட்டியலில் சேருங்கள்.

இங்கே எதிரி ஆக்சிஜன் அன்று, குளோரைடு. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் 304, 316 குழாய்களில் இது பாய்கிறது. லாகிங் என்னும் வெப்பக் காப்புறையின் தகரத்தைப் பிரித்து, ஈரமேறிய கம்பளியை விலக்கினால், எல்போ வளைவின் கீழ்ப்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைக் காணலாம். அதைத் துடைத்து, சிவப்புச் சாயத்தை ஊற வைத்து, பரப்பில் மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, மேலே டெவலப்பர் (விரிசலில் புகுந்த சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சு) தெளித்தால், சில நிமிடங்களில் வெல்டிங் வரிக்கு அருகே கிளைவிட்ட வேர்போலச் சிவப்புக் கோடுகள் எழுந்து வரும். அப்படி எழுந்த இடத்தை உரசிச் சமன் செய்து மேலே பற்றவைப்பது பயனற்ற வேலை; வெப்பம் பட்டதும் விரிசல் பக்கத்தில் நீளும். துண்டை வெட்டி எடுத்து, டூப்ளெக்ஸ் 2205 போன்ற குளோரைடைத் தாங்கும் உலோகத்தால் மாற்றுவதா, வெளிப்புற விரிசலாயின் லாகிங்கின் அடியில் பூச்சு கொடுத்து மழைநீர் புகாமல் தகரத்தை மூடுவதா என்பதே ஒப்பிட வேண்டிய இரண்டு வழிகள். பூச்சுக்கு ஆயுள் உண்டு என்பதால், அதை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவையும் இன்றைய மதிப்பில் சேர்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

குழாய்த் தொகுப்பு செய்து கொடுக்கும் பட்டறை தன் பங்கில் செய்யக்கூடியவற்றுக்குச் செலவு–பயன் கணக்கே தேவையில்லை. அவை அத்தனை மலிவு. 304-இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், 304எல்-இல் 0.03-க்கு மேல் கூடாது. இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு, ஒரு மூட்டை வெட்டி மறுபடி ஒட்டும் கூலிக்கு முன் ஒன்றுமில்லை. கார்பன் எஃகை உரசிய சக்கரத்தால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயை உரசக் கூடாது. ஒரு பற்றவைப்பு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் மூட்டை ஆறவிட வேண்டும். ஹைட்ரோ டெஸ்டுக்கு (குழாயில் நீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம்: சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் கவலை குறைவு, ஆனால் தொழிற்பேட்டைகளின் போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுதி. எஸ்.எஸ். குழாய்க்குக் குளோரைடு 50 பி.பி.எம்.-க்கு மேற்படக் கூடாது என்பது பரவலான நடைமுறை. அணுமின் வேலைக்கு உப்பு நீக்கிய டி.எம். தண்ணீரே வேண்டும். சோதனை முடிந்ததும் நீரை முழுவதும் வடித்துக் காற்றால் உலர்த்தாமல் ஃபிளாஞ்சை மூடி லாரியில் ஏற்றினால், தேங்கிய சிறிதளவு நீர் வற்ற வற்ற உப்பு அடர்ந்துவிடும்.

குறிப்பை முடிக்கும்போது மூன்று தாள்களை அதோடு இணையுங்கள்: ஒவ்வொரு குழாயின் வார்ப்பு எண்ணும் கார்பன் அளவும் உள்ள மில் சான்றிதழ், எந்த மூட்டை யார், எந்த ஃபில்லர் ராடால், எந்தத் தேதியில் பற்றவைத்தார் என்ற பட்டியல், எந்த மூட்டு எப்போது, எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்ற பதிவு. அடுத்த நிறுத்தத்தில் ஒரு மூட்டில் சிவப்புக் கோடு எழுந்தால், அதன் குடும்பத்தில் எத்தனை மூட்டுகள் என்பதை அன்றைக்கே எண்ணி, நிகழ்தகவை மாற்றி, கணக்கை மறுபடி போட இந்தத் தாள்கள் வேண்டும்.